பிக்கப் வண்டிக்கு டயர்: வாங்குவது முதல் கழற்றுவது வரை

பிக்கப் வண்டி ஒரே நாளில் இரண்டு வேறு வண்டிகளாக ஓடுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குக் கிளம்பும்போது பின் அச்சு திணறுகிறது. லோடை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திரும்பும்போது அதே பின் அச்சு எடையே இல்லாமல் துள்ளுகிறது. காருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. லாரிக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம் இருக்கிறது. டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளுக்கோ மொத்தமே நான்கு டயர்தான். அதிலும் பின்னால் இருக்கும் இரண்டின் தலையில்தான் பிழைப்பே இருக்கிறது. கார் டயருக்குச் சொல்லும் அறிவுரைகள் இங்கே பாதிதான் பொருந்தும் என்பதற்கு இதுவே காரணம்.

படி 1: முதலில் எடைமேடை, பிறகு டயர் கடை

வழக்கமாக ஏற்றும் லோடை ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டி முழுவதையும் ஏற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின் அச்சு சுமக்கும் எடை. மொத்தம் 2,800 கிலோ, முன் அச்சில் 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் பின் அச்சில் 1,800 கிலோ; ஒரு பின் டயருக்கு 900 கிலோ.

லோடு நடுவில் ஒழுங்காக அமர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கினால் ஒரு டயர் 1,000 கிலோவைத் தாண்டும்போது அடுத்தது சொகுசாக வரும். கம்பியும் குழாயும் பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்: எடை பின் அச்சுக்கும் பின்னால் போய், முன் சக்கரங்களைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகத் தெரிகிறது என்று ஓட்டுநர் மகிழ்வார். உண்மையில் முன் டயர்கள் சாலையைச் சரியாகப் பிடிக்கவில்லை.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள மொத்த எடை வரம்பையும் அப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தாங்காத எடையை நாள்தோறும் சுமக்கும் டயருக்குப் பராமரிப்பு என்று எதைச் செய்தாலும் வீண்.

படி 2: பக்கச்சுவரைப் படியுங்கள்

215/75 ஆர் 15 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர், ‘ஆர்’ ரேடியல், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். ஏஸ் வண்டியில் 145 ஆர் 12 என்று சதவீதம் இல்லாமல் இருப்பது பழைய முறை. அத்தகைய டயரில் உயரம் அகலத்தில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு கதவோரத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். பழைய டயரைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். முந்தைய உரிமையாளர் எதை மாட்டினாரோ யார் கண்டது.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. அது சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 102 என்றால் 850, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000 கிலோ. 104/102 என்று இரண்டு எண்கள் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. பிக்கப்புக்கு முதல் எண்தான் கணக்கு. மேலே பார்த்த உதாரண வண்டிக்குக் குறைந்தது 104 வேண்டும். நான் இன்னும் இரண்டு படி கூட்டியே வாங்கச் சொல்வேன், ஏனென்றால் பள்ளத்தில் இறங்கும் நொடியில் டயர் மேல் விழும் எடை எடைமேடைச் சீட்டில் வராது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 215/75 ஆர் 15 அளவில் பயணிகள் ஜீப்புக்கான டயரும் கிடைக்கிறது, லோடு வண்டிக்கான டயரும் கிடைக்கிறது. ஜீப் டயரில் பெரும்பாலும் சுமைக் குறியீடு 100. விலை குறைவு, ரிம்மில் அழகாக உட்காரும், காலி வண்டியில் ஓட்டம்கூட மென்மையாக இருக்கும். ஆனால் 900 கிலோ விழும் இடத்தில் 800 கிலோ டயர் அது. ‘எல்.டி.’ (லைட் டிரக், அதாவது சிறு லோடு வண்டி) என்ற எழுத்தும், 6 பி.ஆர். அல்லது 8 பி.ஆர். என்ற பலக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காலத்தில் பி.ஆர். என்பது பருத்தி நூல் அடுக்குகளின் எண்ணிக்கை. இன்று அது அத்தனை அடுக்குகளுக்கு நிகரான பலம் என்ற பொருளில் மட்டுமே வருகிறது. அறுத்துப் பார்த்தால் எட்டு அடுக்கு இருக்காது.

கடைசியில் உள்ள எழுத்து வேக வரம்பு: எல் 120, என் 140, கியூ 160 கிலோமீட்டர். லோடு வண்டிக்கு எதுவாக இருந்தாலும் போதும்.

படி 3: வகையைத் தேர்ந்தெடுங்கள்

நீளவாக்கில் கோடுகள் ஓடும் ரிப் டயர் தார்ச்சாலைக்கு. ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கும், சூடு குறைவு, டீசலும் மிச்சம். குறுக்கே கட்டைகள் அமைந்த லக் டயர் சேற்றிலும் ஜல்லியிலும் பிடித்து இழுக்கும். நெடுஞ்சாலையில் இரைச்சலும் சூடும் அதிகம், பட்டனும் (சாலையைத் தொடும் மேல்ரப்பர்) விரைவில் தேயும். இரண்டுக்கும் நடுவில் செமி-லக்.

என் கணக்கு எளிமையானது. பெரும்பாலும் தார்ச்சாலை என்றால் நான்கிலும் ரிப். செங்கல் சூளை, கல்குவாரி, வயல் வரப்பு என்று போகிறவர்கள் முன்னால் ரிப், பின்னால் செமி-லக். நான்கிலும் தடித்த லக் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் பால் வண்டி ஓட்டுவது தோற்றத்துக்காகச் செய்யும் செலவு, வேறொன்றுமில்லை.

நைலானா (உள்நூல்கள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடுவது) ரேடியலா (உள்நூல்கள் குறுக்கே நேராக ஓடுவது) என்ற கேள்விக்கும் வழித்தடம்தான் பதில். நைலான் டயரின் பக்கச்சுவர் தடிமனானது. கல் கிழிப்பதைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் நீண்ட ஓட்டத்தில் சூடேறும். ரேடியல் குளிர்ச்சியாக ஓடும், கூடுதல் கிலோமீட்டர் தரும். ஒரே அச்சில் ஒருபுறம் நைலான், மறுபுறம் ரேடியல் என்று ஒருபோதும் மாட்டாதீர்கள். கையில் காசில்லாமல் இரண்டு ரேடியல் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் அவை பின் அச்சுக்குப் போக வேண்டும்.

ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும். ட்யூப் டயரில் ஒரேயடியாகப் போய்விடும். எனவே வண்டியின் ரிம் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றதாக இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். காற்று நிற்கவில்லை என்று ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போட்டுத் தரும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உள்சுவரில் உள்ள மேடுகள் ட்யூபை உரசும், இடையில் சிக்கிய காற்றும் உரசலும் சூட்டைக் கூட்டும். வீடு திரும்பும் வரைக்கும் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

விலையை டயருக்கு இவ்வளவு என்று பார்க்காமல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 6,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 15 பைசா. 7,500 ரூபாய் டயர் 60,000 ஓடினால் பன்னிரண்டரை பைசா. உங்கள் வழித்தடத்தில் எந்த டயர் எவ்வளவு ஓடுகிறது என்பதை விளம்பரத்தில் தேடாதீர்கள். ஸ்டாண்டில் உங்களைப் போலவே லோடு ஏற்றும் ஓட்டுநரிடம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசைக்கு இப்போது காரணம் இன்னும் குறைவு. பில் இல்லையென்றால் உற்பத்திக் குறைபாட்டுக்கு கிளெய்ம் கேட்க வழியும் இல்லை.

படி 4: கடையில் நின்று கவனிக்க வேண்டியவை

பக்கச்சுவரில் டி.ஓ.டி. வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. சில மாதங்கள் கிடங்கில் இருந்தால் தவறில்லை. இரண்டு ஆண்டைத் தாண்டிய டயரை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் நான் எடுக்க மாட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம், வணிக வண்டி டயருக்கான தர எண் ஐ.எஸ். 15636. கார் டயருக்கு 15633. லோடு வண்டிக்கு என்று சொல்லிக் கார் டயரைத் தருகிறார்களா என்பதை இந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மைப் பாருங்கள். டயர் உட்காரும் விளிம்பில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி இந்த விளிம்பைத்தான் முதலில் அரிக்கிறது. ‘பஞ்சரே இல்லை, ஆனால் காற்று இறங்குகிறது’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கே. டயரை ஏற்றும்போது சோப்புத் தண்ணீரோ அதற்கான பசையோ தடவலாம். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். வால்வைப் புதிதாக மாற்றுங்கள். பேலன்சிங் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்று என்ற வரிசையில் இறுக்க வேண்டும். ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்து இறுக்குவது ஸ்டட்டை இழுத்துப் பலவீனமாக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதல் 200 கிலோமீட்டர் வரை கடும் பிரேக், கடும் திருப்பம் வேண்டாம். வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு போகும் வரை புது டயர் ஈரத்தில் சறுக்கும்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே மாட்டுவது? ஸ்டீயரிங் முன்னால்தானே, புதுசு முன்னால் என்று பலரும் சொல்வார்கள். நான் பின்னால் என்பேன். மழையில் முன் டயர் சறுக்கினால் வண்டி நேராக இழுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். பின் டயர் சறுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும், அதைத் திருத்தத் தேர்ந்த கை வேண்டும். காலியாக வரும் பிக்கப்பின் பின்பகுதி எடையில்லாமல் இருப்பதால் இந்த ஆபத்து காரைவிட நமக்கு அதிகம். அதற்காக முன்னால் வழுக்கை டயரை விட்டுவைக்கலாம் என்று பொருளில்லை; அது எந்த அச்சிலும் ஆகாது.

படி 5: காற்று

டயரைக் கொல்வது சூடு. சூட்டை உண்டாக்குவதில் முதலிடம் காற்றுக் குறைவுக்கு. 215/75 ஆர் 15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 450 சுற்று. 200 கிலோமீட்டர் ஓட்டத்தில் 90,000 தடவை பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஆழமாகிறது. ஆழமான மடிப்பு என்றால் கூடுதல் சூடு. சூட்டில் ரப்பரும் உள்நூலும் பிரிகின்றன. மே மாத நெடுஞ்சாலையில் வெடித்துக் கிடக்கும் டயர்களைப் பார்த்து வெயில் வெடித்துவிட்டது என்று பேசிக்கொள்வார்கள். வெயில் கடைசி உதைதான் கொடுக்கிறது; மீதி வேலையைக் காற்றுக் குறைவும் அதிக பாரமும் பல வாரங்களாகச் செய்திருக்கும்.

எவ்வளவு காற்று? கதவோரத் தகடு அல்லது கையேடு சொல்லும் அளவு. முன் பின் இரண்டுக்கும் வேறு வேறு எண் இருக்கும். பல வண்டிகளுக்கு லோடோடு ஓடும்போது ஓர் அளவும் காலியாக ஓடும்போது வேறோர் அளவும் தந்திருப்பார்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் சுமக்கும் உச்சச் சுமைக்கான அழுத்தம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நான்கிலும் நிரப்பினால் காலி வண்டி சாலையில் தட்டித் தட்டி ஓடும், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும், பட்டனின் நடுப்பகுதி மட்டும் தேயும்.

ஒவ்வொரு நடைக்கும் காற்றை ஏற்றி இறக்க யாராலும் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது லோடு, வரும்போது காலி என்றால் லோடுக்கான அளவிலேயே வைத்துக்கொண்டு, காலியாக வரும்போது மழையில் வேகத்தைக் குறையுங்கள். நான்கைந்து நாள் லோடு இல்லாமல் ஓடப் போகிறது என்றால் மட்டும் காலிக்கான அளவுக்கு இறக்குங்கள். மறுபடி லோடு ஏற்றும் முன் நிரப்ப மறக்கக் கூடாது.

காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். ஓடிவந்தால் குறைந்தது மூன்று மணி நேரம் ஆறவிட வேண்டும். ஓட்டத்தில் சூடேறி, நிரப்பியதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுவது இயல்பு. அப்போது ‘அதிகமாக இருக்கிறதே’ என்று காற்றை இறக்கினால், ஆறியபின் அளவுக்குக் கீழே போய்விடும். சூட்டில் அழுத்தம் வெகுவாகத் தாண்டி ஏறுகிறது என்றால் அது காற்று அதிகம் என்பதன் அடையாளம் அல்ல. தொடங்கும்போதே காற்று குறைவாக இருந்தது, அல்லது லோடு அதிகம் என்பதன் அடையாளம்.

சொந்தமாக ஒரு அழுத்தமானி வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் காற்றுக் கருவியின் அளவு மாறும். உங்களுடையது சில பிஎஸ்ஐ தவறாகக் காட்டினால்கூட எப்போதும் ஒரே மாதிரி தவறாகக் காட்டும், வித்தியாசத்தைப் பிடித்துவிடலாம். லோடு வண்டிக்கு வாரம் ஒருமுறை பார்ப்பது குறைந்தபட்சம். நைட்ரஜன் கெடுதல் இல்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாராவாரம் சாதாரணக் காற்றைச் சரிபார்க்கிறவர், நைட்ரஜன் நிரப்பிவிட்டு மூன்று மாதம் மறந்துபோகிறவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடு ரிம் வழியாக டயருக்கு வருகிறது. கீழ்க் கியரில் இறங்குவது பிரேக்குக்கு மட்டுமல்ல, டயருக்கும்தான். இறங்கி நிறுத்தியதும் புறங்கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் நடுப்பகுதியில் அனல் வீசினால் பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் போகிறது. பட்டன் பகுதியில் மட்டும் சூடு அதிகம் என்றால் காற்றைப் பாருங்கள்.

படி 6: தேய்மானம் சொல்வதைக் கேளுங்கள்

மாதம் ஒருமுறை நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது அதிக பாரம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் போய்விட்டது. ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் முன் சக்கரங்களின் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறு. அங்கங்கே கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங். ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால் எங்கோ பிரேக் அடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கிறது.

காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வடிவில் தேயும். அலைன்மென்ட் பார்க்கும் முன் டை ராடு முனை, பேரிங், கிங் பின் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது காசைக் கரியாக்குவது.

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றலாம். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்திலேயே இருக்க வேண்டும். முன்னால் ரிப், பின்னால் செமி-லக் என்று வைத்திருப்பவர்கள் இடவலம் மட்டும் மாற்றலாம். மாற்றியதும் காற்றைப் புது இடத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். பின்னாலிருந்து வந்த டயர் பின் அச்சுக்கான அழுத்தத்தோடேயே முன்னால் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. வண்டி துள்ளுகிறது என்று ஷாக் அப்சார்பரைச் சந்தேகிப்பார்கள்.

படி 7: பஞ்சரும் ஸ்டெப்னியும்

பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான துளையை அடைக்கலாம். வெளியிலிருந்து திரி செருகுவது வழியில் செய்யும் முதலுதவி. பிறகு டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, உட்பக்கத்திலிருந்து காளான் வடிவப் பேட்ச் வைப்பதே சரியான வேலை. லோடு வண்டிக்கு உள்ளே பார்ப்பது மிக முக்கியம்: காற்றிறங்கிய டயரில் லோடோடு சிறிது தூரம் ஓட்டியிருந்தாலும் உட்பக்கம் கரும்பொடி உதிர்ந்திருக்கும். அது பக்கச்சுவர் அரைபட்டதன் தடயம். அந்த டயர் முடிந்தது. பக்கச்சுவரில் துளை என்றால் பேட்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை யாரும் நினைப்பதில்லை. அதற்குப் பின் அச்சுக்கான அழுத்தத்தை நிரப்பி வையுங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் இறக்கிக்கொள்ளலாம், நடுவழியில் ஏற்ற முடியாது. தாங்கும் சங்கிலியின் துருவையும், ஜாக்கி லோடோடு வண்டியைத் தூக்குகிறதா என்பதையும் ஊரில் இருக்கும்போதே ஒருமுறை சோதியுங்கள்.

ஓடும்போது டயர் வெடித்தால் பிரேக்கில் காலை வைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வேகம் நன்றாகக் குறைந்தபின் ஓரம் கட்டுங்கள்.

படி 8: எப்போது கழற்றுவது

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நான்கு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த எல்லையைக் காட்டும். மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் கழற்ற வேண்டும். சட்டம் சொல்வது கடைசி எல்லை. ஐப்பசி மழைக்கு முன் பின் டயரில் 3 மில்லிமீட்டராவது இல்லையென்றால் நான் மாற்றிவிடுவேன், காலி வண்டி மழையில் சுற்றும் என்று மேலே சொன்ன அதே காரணத்துக்காக. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் சறுக்காமல் காப்பாற்றாது.

ஆழம் இருந்தாலும் கழற்ற வேண்டிய டயர்களும் உண்டு: பக்கச்சுவரில் புடைப்பு, நூல் தெரியும் கிழிசல், வரிவரியான வெடிப்பு. ஆறு வயதைத் தாண்டியதை ஆண்டுதோறும் கழற்றி உள்ளும் புறமும் காட்டுங்கள். பத்து வயதானது பட்டனோடு இருந்தாலும் வேண்டாம்.

ரீபட்டன், அதாவது தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டுவது, செய்யலாமா? லாரி டயரில் அது நல்ல சிக்கனம். ஏஸ் போன்ற சிறு வண்டியில் புது டயரின் விலையே குறைவு என்பதால் மிச்சம் பெரிதாக இருக்காது. செய்வதென்றால் பக்கச்சுவரில் காயம் இல்லாத, ஒருமுறைகூடக் காற்றில்லாமல் ஓடாத டயரை, பட்டன் முழுதாகத் தேயும் முன்பே கொடுங்கள். நூல் தெரியும்வரை ஓட்டிவிட்டுக் கொடுத்தால் புதுப் பட்டன் ஒட்ட அடித்தளம் இருக்காது. ரீபட்டன் டயரை முன் அச்சில் மாட்டவே வேண்டாம்.

எதற்கும் உதவாத டயரைப் பழைய டயர் வாங்குகிறவரிடம் போட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். சுகாதார ஆய்வாளர் வந்தால் அதற்கும் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.